கலைக்க ஏலாத மனேஜர்

குளியலறைக்குப் பெயின்ற் வாங்கப் போன இடத்தில்தான் அந்த ஆங்கிலேயரை முதலில் கண்டேன். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு ஹார்ட்வெயர் கடை. மனைவி முட்டைக்கோது நிறத்தில் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடையிலோ முட்டைக்கோதிலேயே ஒரு சுவர் நிறைய நிறங்கள் இருந்தன. எதை வாங்கினாலும் பிழை என்று தெரிந்து, மாதிரி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். பெயின்ற் கலக்கும் மேசைக்குப் பின்னால் நின்ற உயரமான மனிதர் என்னுடைய ஜக்கெற்றின் முதுகைப் பார்த்து, "உது உதைபந்தாட்ட ரீமோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் எந்த மொழியில் கதைத்தாலும் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் மனதில் நிற்கும். அவர் கதைத்ததையும் அப்படியே எழுதுகிறேன்.

ஜக்கெற் எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துடையது. அதன் விளையாட்டுச் செயலாளர் நான். வேறு ஒருவரும் கை உயர்த்தாத ஒரு பொதுக்கூட்டத்தில், தலை சொறியக் கை தூக்கி அகப்பட்டுக்கொண்டவன்.

"நானும் முந்தி விளையாடினனான். இங்கிலாந்திலை," என்றார் அவர்.

நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். ரொறன்ரோவில் ஐம்பது தாண்டிய ஆங்கிலேயர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பெரிய கிளப்பில் மயிரிழையில் தவறியவர்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அரை மார்க்கில் மெடிசின் தவறியதைப் போல. ஆனாலும் வீட்டுக்கு வந்து, பெயின்ற் காயும்வரை சும்மா இருக்காமல், போனில் அவருடைய பெயரைப் போட்டுத் தேடினேன். படத்தோடு வந்து நின்றார். தலை நிறைய மயிர். பின்களத்தில் நடுவில் நிற்கும் ஆட்டக்காரர். கீழ்ப் பிரிவுகளில் நெடுங்காலம், மேல்பிரிவில் ஒரே ஒரு பருவம், அதுவும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில். பிறகு முழங்கால் போய்விட்டது. அதற்குப் பிறகு சின்னக் கிளப்புகளுக்கு மனேஜர். ஒவ்வொரு கிளப்பிலும் முந்தியதைவிடக் கொஞ்சக் காலம்தான் இருந்திருக்கிறார்.

அடுத்த நாள் போய், தேவையில்லாத இன்னொரு வாளி பெயின்ற் வாங்கினேன். அது இன்னமும் கராஜுக்குள் இருக்கிறது.

எங்கள் சங்கத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்களுக்கிடையில் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். நாங்கள் அதில் வென்று எத்தனையோ காலம். எங்கள் நிர்வாக சபையில் இருப்பவர்கள் ஆட்டக்காரர்களைவிடக் கூட. தலைவர் மோட்கேஜ் தொழில் செய்கிறவர். பெடியன்களைப் பழக்கியவர் தலைவரின் மச்சான். மச்சானிடம் ஒரு விசில் இருந்தது. அதைத் தவிர வேறு தகுதியை நான் கண்டதில்லை.

நிர்வாக சபையில் நான் பயந்து பயந்துதான் விசயத்தை எடுத்தேன். தலைவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்கிலாந்திலை விளையாடின வெள்ளைக்காரன் எங்கடை பெடியளுக்கு மனேஜர் எண்டு போஸ்டர் அடிச்சமெண்டால், மற்றப் பள்ளிக்கூடக்காரருக்கு நித்திரை வராது," என்றார். மச்சானை உதவி மனேஜர் ஆக்கினார்கள். விசில் அவரிடமே இருக்கலாம் என்றும் தீர்மானம் நிறைவேறியது.

பெயின்ற் கடைக்கு எதிரில் இருந்த கோப்பிக் கடையில் அந்த ஆங்கிலேயரோடு, இனி எங்கள் மனேஜரோடு, கதைத்து முடித்தேன். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு என்றேன். அவரோ, கிளப்புகளில் தன்னை எப்படி எப்படி வேலையை விட்டுக் கலைத்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஒருமுறை பயிற்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் கேட்டாராம். அடுத்த சுற்றுவட்டத்தில் காரைத் திருப்பி வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொரு கிளப்பில், வாகனம் நிறுத்தும் இடத்தில் இருந்த அவருடைய பெயரின்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள்.

"ஒரு பூச்சுத்தான் அடிச்சிருந்தாங்கள். கீழை பேர் தெரிஞ்சது. ரெண்டு பூச்சு அடிச்சிருக்கவேணும்," என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவருடைய மகள் அப்போது சின்னப் பிள்ளை. வகுப்பில் ஒருவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, "அப்பா, உங்களைக் கலைச்சுப் போட்டாங்களாம்," என்று சொல்லித்தான் அவருக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் இங்கிலாந்திலிருந்து போன் எடுப்பாள். எடுத்தவுடன் முதல் கேள்வி, "அப்பா, வேலை இருக்கோ?"

"பெயின்ற் கடை வேலையையும் அப்பிடித்தான் கேட்கிறாள்," என்றார். "நான் உங்களிட்டைக் கேட்கிறது ரெண்டு விசயம். ரீமை நான்தான் தெரிவு செய்வன். மற்றது, என்னைக் கலைக்கிறதெண்டால் ஆராவது முகத்துக்கு நேரை வந்து சொல்லவேணும்."

"நான் சொல்லுவன்," என்றேன். கை கொடுத்தோம். எங்கள் சங்கம் ஒருவரையும் கலைப்பதில்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பயிற்சி ஞாயிறு காலை பத்து மணி என்று அறிவித்திருந்தோம். மனேஜர் ஒன்பதரைக்கே ஸ்காபரோவில் உள்ள அந்தப் பூங்காவுக்கு வந்து, கூம்புகளை அடுக்கி வைத்துவிட்டு நின்றார். முதல் ஆட்டக்காரன் வந்தபோது பதினொரு மணி ஆகப் போகிறது. "சொறி அங்கிள், பார்க்கிங் கிறேசி," என்றான். அந்த வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் இரண்டு கார்களையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. மனேஜர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.

"உவன் ஆரை மாமா எண்டு கூப்பிடுறான்?"

"உங்களைத்தான்."

"நான் உவனுக்கு மாமா இல்லை."

"இஞ்சை நீங்கள் எல்லாருக்கும் மாமா," என்று விளங்கப்படுத்தினேன்.

அடுத்த ஞாயிறு முதல், பிந்தி வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தான் என்றார். அப்படி நின்று பார்த்தவர்களில் முக்கியமானவர் தலைவரின் மகன். இருபத்தைந்து வயது, முன்களம். பந்து தன்னிடம் வரும்வரை ஒரே இடத்தில் நிற்பார். வராவிட்டால் கோபித்துக்கொள்வார். வந்தால் கோலுக்கு மேலால் அடித்துவிட்டுச் சப்பாத்தைப் பார்ப்பார். அதுவரை எந்தப் போட்டியிலும் அவரை வெளியே இருத்தியதில்லை. இருத்தும் யோசனை ஒருவருக்கும் வந்ததுமில்லை.

அதற்கிடையில் ரோல்ஸ் பிரச்சினை வெடித்தது. எங்கள் போட்டிகளில் இடைவேளை என்றால் மட்டன் ரோல்ஸ். தலைவரின் மனைவி, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், பெரிய அலுமினியத் தட்டில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கியும் எங்கள் கோல்காப்பாளர் ஒரு கையில் கையுறையும் மறு கையில் ரோல்ஸுமாக நின்றதை மனேஜர் கண்டார். பந்து வந்தது. அவன் ரோல்ஸைக் காப்பாற்றினான்.

கடைசி விசில் ஊதும்வரை ரோல்ஸ் இல்லை என்று மனேஜர் சொன்னார். நிர்வாக சபை அவசரமாகக் கூடியது. "சாப்பாட்டைத் தடுக்கிற உரிமை ஆருக்கும் இல்லை," என்று ஒருவர் மேசையில் தட்டினார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. விசில் ஊதும்வரை ரோல்ஸ் காரின் டிக்கிக்குள் இருக்கும். ஊதியவுடன் முதல் ரோல்ஸை மனேஜரே சாப்பிட வேண்டும். அன்ரி வேண்டுமென்றே மிளகாயைக் கூட்டிப் போட்டிருப்பார் என்பது என் சந்தேகம். மனேஜரின் முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னொண்டு இருக்கோ?" என்றார். அன்றோடு அன்ரி அவர் பக்கம் வந்துவிட்டார்.

பெடியன்களும் மாறினார்கள். பத்து மணி என்றால் பத்துக்கு வந்தார்கள். வீட்டில் தாய் சொல்லி ஒரு கோப்பை கழுவாதவன்கள், மனேஜர் சொன்னவுடன் ஓடிப்போய்க் கூம்பு அடுக்கினார்கள். அவர் அழகாக விளையாடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவருக்கே தெரியாது. பந்தைத் தூர அடி, எழும்பித் தலையால் அடி, விழுந்தால் உடனே எழும்பு, இவ்வளவுதான் பாடம்.

சுற்றுப்போட்டிக்கு முதல் கிழமை அவர் ரீமை அறிவித்தார். தலைவரின் மகனின் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை.

அன்று பின்னேரம் முழு ஸ்காபரோவும் எனக்குப் போன் எடுத்தது. தலைவர் மட்டும் எடுக்கவில்லை. அது கூடாத சகுனம். அன்ரி என் மனைவிக்கு எடுத்து, "கோச் நல்ல மனிசன். ஆனால் பிள்ளை அறையை விட்டு வெளியிலை வாறானில்லை," என்றாராம். நான் மனேஜரிடம் இதைச் சொல்லவில்லை. ரீமைத் தெரிவு செய்வது அவர் என்று கை கொடுத்திருந்தேன்.

இறுதிப்போட்டி வரைக்கும் போனோம். அன்றும் வழமைபோல மங்கள விளக்கு ஏற்றி, அகவணக்கம் செலுத்தி, பிரதம விருந்தினர் பேசி, சிறப்பு விருந்தினர் பேசி, பிரதம விருந்தினர் சொல்ல மறந்ததைத் திரும்ப வந்து சொல்லி முடிக்கும்வரை மனேஜர் பெடியன்களை ஓடவிட்டு உடம்பு சூடாக்கினார். சூடு ஆறிவிட்டது. திரும்பச் சூடாக்கினார். "உவர் இன்னும் எவ்வளவு நேரம் கதைப்பார்?" என்று என்னைக் கேட்டார். "அவருக்கே தெரியாது," என்றேன்.

ஒரு கோலால் வென்றோம். மூலை உதையில் வந்த பந்து எங்கள் பின்களப் பெடியன் ஒருவனின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அவனே அதைக் காணவில்லை. விசில் ஊதியவுடன் எல்லோரும் உள்ளே ஓடினோம். திரும்பிப் பார்த்தால் மனேஜர் புல்லில் குந்தியிருந்து முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சுவலியோ என்று பயந்துபோய் ஓடி வந்தேன்.

"நான் ஒரு கிண்ணமும் வெண்டதில்லை," என்றார். "விளையாடேக்கையும் இல்லை. மனேஜராயும் இல்லை. இதுதான் முதல்." எனக்கும் அழுகை வந்துவிட்டது. பழைய மாணவர் சங்கத்துக் கிண்ணம் அது. பிளாஸ்டிக்குக்குத் தங்க நிறம் பூசியது. அவர் அதைத் தூக்கியபோது நல்ல பாரமான பொருளைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார்.

படம் எடுக்கும்போது தலைவர் நடுவில் நின்று சிரித்தார். தலைவரின் மகன் ஜீன்ஸோடு வேலிக்கரையில் நின்றார். தலைவர் சிரித்தபடியே மகனை ஒருமுறை பார்த்தார். மனேஜரின் கதை முடிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டம் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில். எல்லோரும் மனேஜரைப் புகழ்ந்தார்கள். என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு, பெடியள் எப்படி மாறிவிட்டான்கள். எங்கள் ஆட்கள் ஒரு மனிதனை அவன் இல்லாத இடத்தில் இவ்வளவு புகழ்ந்தால் அவனுக்கு ஆபத்து.

"அப்பிடிப்பட்ட மனிசனுக்கு நாங்கள் ஒரு பெரிய கௌரவம் குடுக்கவேணும்," என்றார் தலைவர். "போஷகர் ஆக்குவம்."

முன்பு மறந்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் சங்கத்தில் ஒருவரையும் கலைப்பதில்லை, உயர்த்திவிடுவோம். மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராத முன்னாள் தலைவர் இப்போது போஷகர். எல்லாத் தீர்மானத்தையும் எதிர்த்த முன்னாள் செயலாளர் போஷகர். போஷகருக்குச் சங்கத்தின் ஆண்டு இராப்போசனத்தில் முன்வரிசைக் கதிரை உண்டு, பொன்னாடை உண்டு, சாப்பாட்டுக்கு முதல் அழைப்பு உண்டு. அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மனேஜர் பதவிக்கு மச்சான் திரும்பி வருவதாகவும் அங்கேயே தீர்மானித்தார்கள்.

"நீர்தானே கூட்டிக்கொண்டு வந்தனீர். நீரே நல்ல செய்தியைச் சொல்லும்," என்றார் தலைவர். "கலைக்கிறம் எண்டு சொல்லிப்போடாதையும். கௌரவிக்கிறம் எண்டு சொல்லும்."

நான் நேரே பெயின்ற் கடைக்குப் போனேன். வழி முழுக்கத் தலைவரைத் திட்டிக்கொண்டே போனேன். மனேஜர் ஒரு வாளியைக் குலுக்கும் இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு நின்றார். இயந்திரம் போட்ட சத்தத்தில் ஒன்றும் கதைக்க முடியவில்லை. அது ஓயும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

"உங்களைக் கலைக்கினம்," என்றேன்.

"வெண்டதுக்கோ?"

"ஓம்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு காலமும் தோத்ததுக்குத்தான் கலைச்சவங்கள். வெண்டதுக்குக் கலைக்கிறது இதுதான் முதல்தரம்." கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். "நேரை வந்து சொன்னதுக்கு நன்றி. நீங்கள் ஒருத்தர்தான் சொன்னது." சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. ஞாயிறு மகளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மனம் விட்டுப்போனது.

ஆறுதலுக்காகப் போஷகர் விசயத்தையும் சொன்னேன். அவர் எதிரணியின் ஆட்டத்தைக் கவனிப்பதுபோலத் தலையைச் சரித்துக் கேட்டார்.

"போஷகருக்கு என்ன வேலை?"

"ஒண்டும் இல்லை. முன்வரிசையிலை இருக்கிறது."

"மனேஜர் பெரிசோ, போஷகர் பெரிசோ?"

"போஷகர்தான்."

"தலைவரை விடவோ?"

யோசித்தேன். "மரியாதையிலை, ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"சாகுமட்டும்."

அவர் இயந்திரத்திலிருந்து வாளியை இறக்காமல் என்னையே பார்த்தார். "போஷகரை ஆரும் கலைக்கலாமோ?"

எங்கள் போஷகர்கள் எல்லோரையும் மனதில் ஒருமுறை வரிசையாக இருத்திப் பார்த்தேன். மேடையில் சப்பாத்தைக் கழற்றி ஓங்கியவரும் அதில் இருந்தார். "இதுவரைக்கும் ஒருத்தரையும் கலைச்சதில்லை," என்றேன். "கலைக்கிறதுக்குப் பதிலாத்தானே அந்தப் பதவியையே வைச்சிருக்கிறம்."

"சரி," என்றார் மனேஜர். "எனக்குச் சந்தோசம் எண்டு தலைவருக்குச் சொல்லுங்கோ."

இராப்போசனத்தன்று பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் நெடுநேரம் பேசினார். மனேஜர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பொறுப்பை நான் ஒழுங்காகச் செய்வன்," என்று ஒரே வசனம்தான் சொன்னார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் தலைவர்.

பனி கரைந்து அடுத்த பருவத்தின் முதல் பயிற்சி. நான் பத்துக்குப் போனேன். மனேஜர் எனக்கு முதலே வந்திருந்தார். கையோடு கொண்டுவந்த மடக்குக் கதிரையைக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு, குளிருக்குப் பொன்னாடையைக் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"முன்வரிசையிலை இருக்கிறன்."

மச்சான் விசில் ஊதினார். பெடியன்கள் கதிரையைப் பார்த்தார்கள். மனேஜர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவன் சோம்பலாக ஓடினால் தொண்டையைச் செருமினார். அவன் வேகமாக ஓடினான். தலைவரின் மகன் பத்தே முக்காலுக்கு வந்தார். மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். மகன் தானாகவே போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார்.

மச்சான் என்னிடம் வந்தார். "உவரை ஒருக்கால் போகச் சொல்லும்."

"அண்ணை, போஷகரை எப்பிடிப் போகச் சொல்லுறது? தலைவரிட்டைக் கேளுங்கோ."

மச்சான் அங்கேயே நின்று போன் எடுத்தார். தலைவரின் குரல் எனக்கும் கேட்டது. முதலில் ஒரு பெருமூச்சு. "போஷகரைக் கலைச்சமெண்டால் நாளைக்கு எங்களை ஆரடா மதிப்பான்? மடக்குக் கதிரையிலையோ இருக்கிறார்? நல்ல கதிரை ஒண்டு எடுத்துப் போடு."

அன்ரியின் தட்டிலிருந்து முதல் ரோல்ஸ் போஷகருக்குத்தான் போனது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கை எண்ணெய் என்பதால் போனை மடியில் வைத்தபடியே ஸ்பீக்கரை அழுத்தினார். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது.

"அப்பா, வேலை இருக்கோ?"

"இருக்குப் பிள்ளை. இந்த முறை கலைக்க ஏலாது."

"ஏலாதெண்டால்?"

"ஏலாதெண்டால் ஏலாது. சாகுமட்டும்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப இனி நான் ஞாயிறு எடுக்கத் தேவையில்லையோ?"

மனேஜர் ரோல்ஸை என் கையில் தந்துவிட்டு, போனைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

"எடு பிள்ளை," என்றார். "ஆனால் வேறை ஏதும் கேள்."